விரல் நரம்பைத் தைத்த பிறகு: உணர்ச்சி திரும்புவதை எந்தச் சோதனையால் அளப்பது?

விரலில் வெட்டுப்பட்டு, உள்ளே ஓடும் நரம்பும் அறுந்து, அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தைத்தாயிற்று. தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு வரும் மாதங்களில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "உணர்ச்சி வந்துடுச்சா?" கேட்பவர்களுக்கு ஆம், இல்லை என்று ஒரு பதில் போதும். விரலுக்கு உரியவரால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. தொட்டால் ஏதோ தெரிகிறது, தொட்டது என்ன என்று தெரியவில்லை. அழுத்தினால் தெரிகிறது, பஞ்சு பட்டால் தெரியவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுரீரென்கிறது.

இதை அளக்க மருத்துவர்களிடமும் தெரபிஸ்ட்களிடமும் அரை டஜனுக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. ஒரே விரலை ஒரே நாளில் இரண்டு விதமாகச் சோதித்தால் ஒன்று "நன்றாக வந்திருக்கிறது" என்னும், மற்றது "ஒன்றும் வரவில்லை" என்னும். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆகவே எந்தச் சோதனையை நம்புவது, எந்த மாதத்தில் எதைச் செய்வது என்று யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான இடங்களில் முதன்மையாகக் கருதப்படும் இரு புள்ளிச் சோதனையை (இரண்டு முனைகளால் தொட்டு, ஒன்றா இரண்டா என்று கேட்பது) மட்டும் வைத்து ஒரு விரலுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. மோனோஃபிலமென்ட் சோதனையை (அளவிட்ட விசையில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது) முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்குரிய காலத்தில் சேர்த்துக்கொள்வதே சரி. ஏன் என்று பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

எந்தச் சோதனை எப்போது பொருந்தும் என்பது நரம்பு வளரும் விதத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு விரலின் உள்ளங்கைப் பக்கத்திலும், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு நரம்புகள் நுனிவரை ஓடுகின்றன. இவை தசையை இயக்குவதில்லை. தொடுவுணர்வு, வலி, சூடு, குளிர் ஆகியவற்றை மேலே எடுத்துச் செல்கின்றன. வியர்வைச் சுரப்பிகளுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் போகும் மெல்லிய இழைகளும் இவற்றுக்குள்தான் இருக்கின்றன.

நரம்பு அறுந்தால், வெட்டுக்கு அப்பால் நுனிப் பக்கம் இருக்கும் இழைகள் சிதைந்து அழிந்துவிடும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளில் இதைக் கண்டு எழுதினார். எனவே அறுவை சிகிச்சையில் பழைய இழைகள் ஒட்டிக்கொள்வதில்லை. நரம்பின் உறையைச் சேர்த்துத் தைத்து, புதிய இழைகள் வளர்ந்து போக வழி அமைத்துக் கொடுக்கிறார்கள். சில வாரத் தாமதத்துக்குப் பிறகு அந்த இழைகள் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் முன்னேறும். வெட்டு விரலின் அடியில் என்றால் நுனிவரை 7, 8 சென்டிமீட்டர் இருக்கும். முதல் இழைகள் நுனிக்குப் போய்ச் சேரவே மூன்று, நான்கு மாதம் ஆகிவிடும். இரண்டாம் மாதத்தில் நுனியில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை, ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று அழுபவருக்கு இந்தக் கணக்கை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தாலும் வேலை முடியவில்லை. பல இழைகள் தமக்குரிய தடத்தை விட்டுப் பக்கத்துத் தடத்தில் புகுந்திருக்கும். நுனியிலிருந்து வந்துகொண்டிருந்த செய்தி இப்போது வேறு இழை வழியாக வருகிறது. அதனால் மூளையில் இருக்கும் விரலின் வரைபடம் குழம்பிப்போகிறது. ஒரு பக்கம் தொட்டால் இன்னொரு பக்கம் தொட்டதாகத் தோன்றும். ஆக, இழை வந்து சேர்வது ஒரு கட்டம். லேசான தொடுகை தெரிவது இன்னொரு கட்டம். தொட்டது சாவியா, நாணயமா என்று மூளை கண்டுகொள்வது அதற்கும் அப்பால் உள்ள கட்டம். ஒவ்வொரு சோதனையும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் அளக்கிறது.

தட்டிப் பார்ப்பது

முதல் மாதங்களில் பயன்படுவது டினல் அறிகுறி. 1915-ல், முதல் உலகப் போரில் நரம்புக் காயம் பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பிரான்சில் ஜூல் டினலும் ஜெர்மனியில் பால் ஹாஃப்மனும் தனித்தனியாக இதைக் கண்டு எழுதினார்கள். விரல் நுனியிலிருந்து தழும்பை நோக்கி, நரம்பு ஓடும் கோட்டின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். வளரும் இழைகளின் முனை எங்கே இருக்கிறதோ அங்கே ஷாக் அடித்ததுபோல ஒரு சுரீர் விரல் நுனிப் பக்கம் ஓடும். அந்த இடத்தைத் தழும்பிலிருந்து மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் அந்த இடம் நுனியை நோக்கி நகர்ந்திருந்தால் இழைகள் வளர்கின்றன என்று பொருள்.

செலவில்லை, கருவி வேண்டாம், ஒரு நிமிடம் போதும். மற்ற எல்லாச் சோதனையும் "இல்லை, இல்லை" என்று சொல்லும் மாதங்களில் நம்பிக்கை தருவது இது ஒன்றுதான். ஆனால் இது சொல்வது இழைகள் வருகின்றன என்பதை மட்டுமே. சில இழைகள் வந்தாலும் சுரீரென்று இருக்கும், நிறைய வந்தாலும் அப்படித்தான் இருக்கும். சுரீர் நுனிவரை போய்விட்டால் இந்தச் சோதனையின் வேலை முடிந்தது. நகராமல் தழும்பிலேயே மாதக்கணக்கில் நின்று, தொட்டாலே உயிர்போகும் வலியும் இருந்தால், அங்கே நரம்புக் கட்டி உருவாகியிருக்கலாம். அதைத் தைத்த மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இரு புள்ளிச் சோதனை: புகழும் பலவீனமும்

இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தோலில் வைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்பது. 1834-ல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் காம்பஸ் போன்ற கருவியால் உடலின் பல பகுதிகளில் இதைச் செய்து எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்வீடனின் கை அறுவை நிபுணர் எரிக் மோபெர்க், வளைத்த பேப்பர் கிளிப்பையே கருவியாகப் பயன்படுத்தி இதைக் கை மருத்துவத்தில் பரப்பினார். பின்னால் பல இடைவெளிகளில் முனைகள் பொருத்திய வட்டத் தகடுகள் வந்தன.

விரல் நுனியில் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியிலேயே இரண்டு என்று தெரிந்தால் இயல்பு. 6 முதல் 10 வரை சுமாரான நிலை. 11 முதல் 15 வரை மோசம். அதற்கு மேல் போனால் ஒரு முனை மட்டும் தெரிகிறது என்றோ, எதுவும் தெரியவில்லை என்றோ எழுதுவார்கள். கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஒரே எண், எல்லாருக்கும் புரிகிறது, ஆய்வுக் கட்டுரைகளிலும் இதுதான் அதிகம். மருத்துவமனைத் தாள்களில் எஸ் 3, எஸ் 3+, எஸ் 4 என்று எழுதும் தரவரிசையும் (எண் கூடினால் உணர்வு மேல்) இந்த எண்ணையே சார்ந்திருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் வகுத்த அளவுகோலைப் பிறகு திருத்திய வடிவத்தில், 7 முதல் 15 மில்லிமீட்டர் வரை எஸ் 3+, 2 முதல் 6 வரை எஸ் 4. 7-க்கும் 15-க்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே எஸ் 3+ என்று தாளில் வாங்கிய இருவரின் விரல்கள் அன்றாட வேலையில் ஒன்றாக நடந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

பலவீனம் முதலில் சோதிப்பவரின் கையில் இருக்கிறது. முனையை எவ்வளவு அழுத்துவது? தோல் லேசாக வெளுக்கும் வரை என்பது விதி. ஆனால் கையில் பிடித்து அழுத்தும்போது விசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கொஞ்சம் கூட அழுத்தினால் பக்கத்துத் தோலும் இழுபட்டு, தைக்கப்படாத மறுபக்கத்து நரம்பு பதில் சொல்லிவிடும். இரண்டு முனைகளும் ஒரே கணத்தில் படாமல் முன்பின்னாகப் பட்டால், நோயாளி அந்த நேர வித்தியாசத்தை வைத்தே "இரண்டு" என்று சரியாகச் சொல்லிவிடுவார். முனை கூர்மையா மழுங்கலா, எத்தனை சரியான பதில் வேண்டும் என்பதிலும் ஆளுக்கொரு முறை இருக்கிறது. பத்துக்கு ஏழு என்பது பரவலான வழக்கம். இந்தக் குழப்பங்களால்தான் 2004-ல் ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் லண்ட்பர்கும் பிர்கிட்டா ரோசனும் இந்தச் சோதனையை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எழுதினார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பெரியவர்களில் நரம்பு தைத்த பிறகு இந்த எண் மெதுவாகத்தான் இறங்கும். பலருக்கு 6-க்குக் கீழே இறங்குவதே இல்லை. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் "15-க்கு மேல்" என்றே வந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் விரல் நிஜமாகவே முன்னேறியிருக்கும். சூடு தெரிய ஆரம்பித்திருக்கும், பட்டன் போடுவது எளிதாகியிருக்கும். சோதனைத் தாளில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது. விரலுக்குத் தொடுவுணர்வை மீண்டும் பழக்கத் தினமும் அரைமணி நேரம் பயிற்சி செய்துவிட்டு வருபவரிடம் அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அவர் பயிற்சியை விட்டுவிடுவார். அந்த இழப்பு எந்தத் தாளிலும் பதிவாகாது.

இதற்கு ஓரளவு மாற்று, 1978-ல் லீ டெலன் முன்வைத்த நகரும் இரு புள்ளிச் சோதனை. முனைகளை வைத்துவிட்டு எடுக்காமல், விரலின் நீளவாக்கில் நுனியை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். இயல்பு 2, 3 மில்லிமீட்டர். உணர்வு திரும்பும் வரிசையில் வலியும் சூடு குளிரும் முதலில் வரும். பிறகு 30 ஹெர்ட்ஸ் போன்ற மெதுவான அதிர்வு, அப்புறம் நகரும் தொடுகை, அதற்கும் பிறகு அசையாத தொடுகை, கடைசியாக 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் வேகமான அதிர்வு. இதுதான் டெலன் விவரித்த வரிசை. நகரும் சோதனை முன்னதாகவே பதில் தருவது இதனால்தான். நாமும் துணியின் தரம் பார்க்க விரலை அதன்மேல் நகர்த்தித்தானே பார்க்கிறோம்! நிலையான சோதனை, நகரும் சோதனை இரண்டில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், முதல் ஆண்டில் நகரும் சோதனையைத்தான் கேட்பேன்.

மோனோஃபிலமென்ட்

நைலான் இழை ஒன்றைக் கைப்பிடியில் செங்குத்தாகப் பொருத்தியிருப்பார்கள். அதைத் தோலில் வைத்து அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட விசையில் இழை வளைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் தோலுக்குப் போகும் விசை அதிகம் கூடுவதில்லை. சோதிப்பவரின் கை கனமானதா லேசானதா என்பது இங்கே அவ்வளவாக ஒரு பொருட்டல்ல. இரு புள்ளிச் சோதனையின் மிகப் பெரிய ஓட்டையை இந்த எளிய அமைப்பு அடைத்துவிடுகிறது. நான் இதை முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை குதிரை மயிரையும் மனித மயிரையும் குச்சியில் ஒட்டிச் செய்த கருவிதான் இதன் மூலம். 1960-ல் ஜோசஃபின் செம்மஸும் சிட்னி வைன்ஸ்டீனும், மூளையில் குண்டுக் காயம் பட்டவர்களின் தொடுவுணர்வை ஆராய்வதற்காக நைலான் இழைகளுக்கு மாறினார்கள். தொழுநோயாளிகளின் மரத்துப்போன கைகால்களுடன் வேலை செய்த ஜூடித் பெல்-க்ரோடோஸ்கி, ஐந்து இழைகள் கொண்ட சிறிய தொகுப்பையும் கையின் படத்தில் வண்ணம் தீட்டும் முறையையும் வளர்த்தெடுத்தார்.

இழைகளில் அச்சிட்டிருக்கும் எண் பலருக்குக் குழப்பம் தரும். 2.83 என்பது கிராம் கணக்கு கிடையாது. மில்லிகிராமில் உள்ள விசையைப் பத்தால் பெருக்கி எடுத்த மடக்கை அது. கிராமில் சொன்னால் இப்படி: பச்சை, 2.83, ஏறக்குறைய 0.07 கிராம், இது தெரிந்தால் இயல்பு. நீலம், 3.61, அரை கிராமுக்கும் குறைவு, லேசான தொடுகை குறைந்திருக்கிறது. ஊதா, 4.31, 2 கிராம், பாதுகாப்பு உணர்வு, அதாவது சூடு, கூர்மை போன்ற ஆபத்தை உணர்ந்து விலகும் திறன், குறைந்திருக்கிறது. சிவப்பு, 4.56, 4 கிராம், இது மட்டும்தான் தெரிகிறது என்றால் பாதுகாப்பு உணர்வு இல்லை என்றே கொள்ள வேண்டும். கடைசியில் 6.65, ஏறக்குறைய 300 கிராம், அது தெரிந்தால் ஆழமான அழுத்தம் மட்டும் தெரிகிறது.

இந்தப் படிகள் நோயாளிக்குச் செய்யும் உதவி பெரிது. நான்காம் மாதத்தில் 6.65 மட்டும் தெரிந்து, ஆறாம் மாதத்தில் 4.31 தெரிய ஆரம்பித்தால், 300 கிராமிலிருந்து 2 கிராமுக்கு இறங்கியிருக்கிறது விரல். இரு புள்ளித் தாளில் அதே இரண்டு மாதமும் "15-க்கு மேல்" என்றே இருக்கும். கையின் படத்தில் சிவப்பு சுருங்கி ஊதா, நீலம் பரவுவதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்வார்.

செய்யும் முறையில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்றரை நொடியில் வைத்து, ஒன்றரை நொடி அழுத்திப் பிடித்து, ஒன்றரை நொடியில் எடுக்க வேண்டும். துள்ள விடக் கூடாது. மெல்லிய இழைகளை ஒரே இடத்தில் மூன்று முறை வரை வைக்கலாம், ஒரு முறை தெரிந்தாலும் போதும். கண்ணை மூடியிருக்க வேண்டும், கை சூடாக இருக்க வேண்டும், அறை அமைதியாக இருக்க வேண்டும். இடையிடையே தொடாமலேயே "தெரிகிறதா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆசையில் ஆமாம் சொல்பவர்கள் உண்டு, அது பொய் சொல்வதும் ஆகாது. மாதக்கணக்கில் காத்திருக்கும் மனம் அப்படித்தான். எந்த இடத்தில் வைப்பது என்பதும் முக்கியம்: தைத்த நரம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து நுனிச் சதையில் வைக்க வேண்டும். நட்ட நடுவில் வைத்தால் மறுபக்கத்து நரம்பு பதில் சொல்லும். அப்புறம் மற்றக் கையின் அதே விரலையும் சோதித்து எழுதிவைக்க வேண்டும். தோல் காய்த்த கையில் வேலை செய்பவருக்கு நல்ல விரலிலேயே பச்சை இழை தெரியாமல் போகலாம்.

குறைகளும் உண்டு. நல்ல தொகுப்பு விலை கூடியது. இழைகள் பழசானாலும் வளைந்துபோனாலும் ஈரப்பதம் மாறினாலும் விசை மாறும். பொறுமையாகச் செய்ய நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான குறை: பச்சை இழை தெரிந்துவிட்டது என்பதால் பாக்கெட்டுக்குள் இருக்கும் சாவியை விரல் கண்டுபிடிக்கும் என்று அர்த்தமில்லை. தொடுகையின் வாசல் திறந்துவிட்டது, அவ்வளவே.

விரல் என்ன செய்கிறது?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேறு சோதனைகள் இருக்கின்றன. மோபெர்க்கின் எடுத்துவைக்கும் சோதனை மிகப் பழையது, மிக எளியது. நாணயம், சாவி, திருகாணி, ஊக்கு, பேப்பர் கிளிப் போன்ற சிறு பொருள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, பிறகு நல்ல கையால். கண் மூடியதும் நேரம் எகிறினால் விரல் இன்னும் கண்ணை நம்பித்தான் வேலை செய்கிறது. மரத்த விரலை அவர் தாமே ஒதுக்கிவிட்டுப் பக்கத்து விரலால் எடுப்பதையும் இதில் கண்கூடாகப் பார்க்கலாம். எந்த எண்ணும் காட்டாத தகவல் அது.

ஆனால் இந்தச் சோதனை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும். மோதிர விரலிலோ சுண்டுவிரலிலோ நரம்பு அறுந்திருந்தால் அவர் இயல்பாகவே எடுத்துவிடுவார், நீங்களும் எல்லாம் சரி என்று எழுதிவிடுவீர்கள். அங்கே உதவுவது 1998-ல் ரோசனும் லண்ட்பர்கும் வெளியிட்ட வடிவ, மேற்பரப்பு அடையாளச் சோதனை. கனசதுரம், உருளை, அறுகோணம் ஆகிய வடிவங்களையும், புடைத்த புள்ளிகளின் எண்ணிக்கையையும், ஒரே விரல் நுனியால், பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும். படிப்படியாக அளவு சிறிதாகிக்கொண்டே போகும். மூளை புரிந்துகொள்கிறதா என்பதை நேராகக் கேட்கும் சோதனை இது. விரலுக்கு நரம்பு இழை வந்து சேர்ந்து, ஊதா நைலான் இழையாவது தெரிந்த பிறகு செய்தால்தான் பயன். முன்னதாகச் செய்தால் பூஜ்யம்தான் வரும்.

தொட்ட இடத்தைச் சரியாகக் காட்ட முடிகிறதா என்று பார்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடவைத்து ஒரு புள்ளியில் தொட்டு, "எங்கே?" என்று நல்ல கையால் காட்டச் சொன்னால் போதும். மீண்டும் பழக்கும் பயிற்சி தேவைப்படுகிறதா, பலன் தருகிறதா என்பதற்கு இதைவிட மலிவான அளவுகோல் கிடையாது.

நோயாளி வாய் திறக்காமலேயே

சின்னக் குழந்தையிடம் ஒன்றா இரண்டா என்று கேட்க முடியாது. அங்கே வியர்வையும் சுருக்கமும் உதவிக்கு வரும். நரம்பு அறுந்த விரல் வியர்க்காது. தண்ணீரில் ஊறவைத்தாலும் நுனி சுருங்காது. அயர்லாந்தின் சீமஸ் ஓ'ரியன் 1973-ல் இதைச் சோதனையாக எழுதினார்: ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரைமணி நேரம். வெட்டுப்பட்ட அன்று நரம்பு அறுந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இது மிகவும் பயன்படும். ஆனால் தைத்த பிறகு மீட்சியை அளக்க இதை நம்ப முடியாது. வியர்வையும் சுருக்கமும் திரும்பிய விரலில் தொடுவுணர்வும் அதே அளவு திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் செய்தால் தண்ணீரின் சூட்டை நல்ல கையால்தான் பார்க்க வேண்டும், மரத்த விரலுக்குச் சுட்டாலும் தெரியாது.

நரம்பு வழியே மின் தூண்டல் செல்லும் வேகத்தைக் கருவியில் பதிவு செய்யும் சோதனையும் இருக்கிறது. விரல் நரம்புக்கு அதை வழக்கமாகச் செய்யும் தேவை பெரிதாக இல்லை. வலிக்கும், செலவாகும், விரலால் என்ன செய்ய முடிகிறது என்பதையும் சொல்லாது.

பத்துக்கு எவ்வளவு?

எந்தக் கருவியும் கிடைக்காத இடத்தில், அல்லது வீட்டில், ஒரு எளிய வழி இருக்கிறது. நல்ல கையின் அதே விரலையும் தைத்த விரலையும் ஒரே நேரத்தில் லேசாக வருடி, "நல்ல விரலில் தெரிவது பத்து என்றால் இதில் எவ்வளவு?" என்று கேட்பது. 1997-ல் பெரிஷ் ஸ்ட்ராக்கும் அவருடைய குழுவினரும் இதைப் பத்துச் சோதனை என்ற பெயரில் வெளியிட்டார்கள். இவ்வளவு எளிமையாக இருக்கிறதே என்று இதை ஒதுக்க வேண்டாம். தன் விரலைத் தன் விரலோடு ஒப்பிடுகிறார், அதனால் வயதும் தோலின் தடிமனும் தாமாகவே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இரண்டு கையிலும் காயம் என்றால் மட்டும் இது உதவாது. கூச்சம் அதிகமாக இருக்கும் விரலுக்குச் சிலர் பன்னிரண்டு என்பார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அது மிகையுணர்வின் அளவு.

அந்தக் கூச்சமும் குளிரும்தான் பல தாள்களில் இடமே பெறாதவை. இழைகள் வந்து சேரும் மாதங்களில் விரல் எதைத் தொட்டாலும் கூசும், எரியும். பெரும்பாலும் படிப்படியாகக் குறையும். குளிர் தாங்காமை அதைவிட நீண்ட காலம் நிற்கும். வேலைக்குத் திரும்பியவரிடம் என்ன தொந்தரவு என்று கேட்டால், மில்லிமீட்டரைச் சொல்ல மாட்டார், குளிரைச் சொல்வார். இதற்கென்றே கேள்விப் பட்டியல்கள் இருக்கின்றன. ரோசன்–லண்ட்பர்க் தொகுப்பு மதிப்பெண்ணில் உணர்வு, அசைவு, வலியும் தொந்தரவும் என்று மூன்று பகுதிகள் வைத்ததும் இதற்காகத்தான். விரல் நரம்பில் அசைவுப் பகுதிக்கு வேலை இல்லை, மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் எது

முதல் மூன்று மாதம் டினல் மட்டும் போதும், மாதம் ஒரு முறை. நுனியில் வேறு எதையும் சோதித்து மனம் உடைய வேண்டாம். அந்த நாள்களில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை பாதுகாப்பு: அடுப்பு, சூடான பாத்திரம், கத்தி, இயந்திரம் எதுவானாலும் விரலைக் கண்ணால் பார்த்தபடிதான் தொட வேண்டும். 2 கிராம் இழை தெரியும்வரை இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது.

மூன்றாம் மாதத்திலிருந்து மோனோஃபிலமென்ட், மாதம் ஒன்றோ இரண்டு மாதத்துக்கு ஒன்றோ, ஒரே ஆள், ஒரே தொகுப்பு, ஒரே இடங்கள். கூடவே பத்துச் சோதனை. ஆறாம் மாதத்தை ஒட்டி, ஊதாவோ நீலமோ தெரிய ஆரம்பித்ததும், நகரும் இரு புள்ளிச் சோதனையையும், விரலுக்கு ஏற்றபடி எடுத்துவைக்கும் சோதனை அல்லது வடிவச் சோதனையையும் சேர்க்கலாம். நிலையான இரு புள்ளிச் சோதனையை ஒரு வருடம் முடியும்போது செய்தால் போதும். மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட அந்த எண் வேண்டும், அதனால் விட்டுவிடவும் முடியாது. இரண்டு வருடம் வரை முன்னேற்றம் தொடரும், சிலருக்கு அதற்குப் பிறகும் கொஞ்சம் வரும்.

யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வயது மிக வலுவான காரணி. குழந்தைகளின் விரல் பெரியவர்களுடையதைவிட நன்றாகத் திரும்புகிறது, மூளை எளிதில் புதிய வரைபடம் போட்டுக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். கண்ணாடியால் அறுந்த சுத்தமான வெட்டும், இயந்திரத்தில் நசுங்கிய விரலும் ஒன்றாகத் திரும்பாது. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரரின் மில்லிமீட்டரைப் பார்க்காமல், போன மாதத்து உங்கள் தாளைப் பாருங்கள்.

அந்தத் தாளில் தைத்த தேதி, எந்த விரலில் எந்தப் பக்கம், தழும்பிலிருந்து டினல் இருந்த தூரம், ஒவ்வொரு முறையும் தெரிந்த மிக மெல்லிய இழை, பத்துக்கு எவ்வளவு என்பவை இருக்கட்டும். மூன்று நான்கு மாதமாக டினல் நகரவே இல்லை, நுனியில் 6.65 இழையும் தெரியவில்லை என்றால், இரண்டு வருடம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாளை எடுத்துக்கொண்டு தைத்த மருத்துவரிடம் போய், மறுபடி திறந்து பார்க்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள்.